சங்கு ஊதினால் எங்கே போவது?

2025 மே 7ஆம் தேதி மாலை நான்கு மணிக்குச் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின்னர் பாகிஸ்தானுடனான பதற்றம் முற்றியிருந்த நேரம் அது. நாடெங்கும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடத்துமாறு மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களைப் பணித்திருந்தது. 1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர் இத்தனை விரிந்த அளவில் இப்படியோர் ஒத்திகை நடந்ததில்லை.

துறைமுகத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது பட்டினப்பாக்கம். அன்று மாலை வழக்கம்போல் கடற்கரைப் பக்கம் நடக்கச் சென்றேன். அங்கும் இதே பேச்சுதான். எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான மீன் விற்கும் அம்மா ஒருவர் கேட்டார்: “சார், நம்ம பக்கம் சங்கு ஊதுனா நாங்க எங்க போறது?”

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது நிதியியல் கற்பித்தவன் நான். பேரிடர் நிதி பற்றி வகுப்பறையில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆயினும் அந்த எளிய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வான்வழித் தாக்குதல் என்றால் உறுதியான கட்டடத்துக்குள் ஒதுங்க வேண்டும். ஆழிப்பேரலை என்றால் கரையைவிட்டு விலகவோ உயரமான மாடிக்கு ஏறவோ வேண்டும். ஏறி இறங்கி ஒலிக்கும் சங்கு அபாயத்தையும், ஒரே சீராக ஒலிக்கும் சங்கு அபாயம் நீங்கியதையும் குறிக்கும் என்பது போர்க்கால மரபு. எந்த அபாயத்துக்கு எந்தத் திசை என்பதைச் சங்கு சொல்வதில்லை. அதை முன்கூட்டியே தெருவுக்குச் சென்று சொல்ல வேண்டியவர் யார்? அந்த மனிதர் நம் நிர்வாக அமைப்பில் இல்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

இரண்டு மரபுகள்

சென்னைக்குக் குடிமைப் பாதுகாப்பு புதிதன்று. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இந்நகரின் மீது குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது. ‘எம்டன்’ என்ற சொல் தமிழ்ப் பேச்சிலேயே தங்கிவிட்டது. 1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின் மீது ஜப்பானியர் குண்டு வீசியதும் சென்னை நடுங்கியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு இடம்பெயர்ந்தன. மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர். அஞ்சிய படையெடுப்பு வரவில்லை. ஆனால் தெளிவான தகவலும் பயிற்சியும் இல்லாத ஒரு நகரம், அச்சத்தாலேயே எப்படிக் குலையும் என்பது அன்று தெரிந்தது.

விடுதலைக்குப் பின்னர் இத்துறை இரண்டு மரபுகளாகப் பிரிந்து வளர்ந்தது. நாகபுரியில் 1957இல் தொடங்கப்பட்ட பயிற்சி நிறுவனம் முதலில் இயற்கைப் பேரிடர் நிவாரணத்துக்கானது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின்னர் கவனம் போர்க்காலப் பாதுகாப்பின் பக்கம் திரும்பியது. 1968இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் அந்நிறுவனம் தேசியக் குடிமைப் பாதுகாப்புக் கல்லூரியாகப் பெயர் மாறியது. சங்கு, இருட்டடிப்பு, காப்பாளர், தன்னார்வப் படை ஆகியவை இந்த மரபின் அடையாளங்கள். இது உள்துறையைச் சார்ந்தது.

மற்றொன்று ஆழிப்பேரலைக்குப் பின்னர் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், முதல்வர் தலைமையில் மாநில ஆணையம், ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம் என அது மூன்றடுக்காக அமைந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இச்சட்டத்தின் வழியே உருவானதுதான். தமிழகத்தில் இதன் பொறுப்பு வருவாய்த் துறையிடம் இருக்கிறது.

இரு மரபுகளையும் இணைக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. குடிமைப் பாதுகாப்பு என்பது பேரிடர்க் காலத்தையும் உள்ளடக்கும் என்று 2010இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் கூறுகிறது. ஏட்டளவில் இணைந்த இரண்டும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தின் தெருவில் இன்னும் சந்திக்கவில்லை. தில்லியிலிருந்து மாவட்டம் வரை அமைப்பு இருக்கிறது. மாவட்டத்திலிருந்து தெரு வரை வெற்றிடம். பேரிடரின் முதல் ஒரு மணி நேரத்தில் உயிர் பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தில்தான் முடிவாகின்றன.

ஒரு தொலைநகலும் ஓர் ஒலிபெருக்கியும்

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே நிலநடுக்கம் நேர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில். அலைகள் தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. தப்புவதற்குப் போதுமான அவகாசம் அது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர். சென்னையில் 206 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. பட்டினப்பாக்கம் மிக மோசமாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. நிலநடுக்கம் குறித்த தொலைநகல் அன்றைய அமைச்சருக்குப் பதிலாக அவருக்கு முன் அப்பொறுப்பை வகித்தவரின் இல்லத்துக்குச் சென்றதாக அப்போதைய நாளேடுகள் எழுதின. அது சரியான முகவரிக்குப் போயிருந்தாலும், தில்லியிலிருந்து சீனிவாசபுரம் குடிசைவாசலுக்குச் செய்தி வந்து சேரும் வழி எதுவும் அன்று இருக்கவில்லை.

அதே காலையில் புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கடல் நிலவரத்தையும் காற்றின் போக்கையும் நாள்தோறும் மீனவருக்குச் சொல்லி வந்த கருவி அது. ஊரார் மையத்தின் பூட்டிய கதவை உடைத்து உள்ளே சென்று அதன்வழி எச்சரிக்கை விடுத்தனர். அலை வந்தது, வீடுகள் பல அழிந்தன. ஊர் பிழைத்தது.

இந்நிகழ்வில் என்னைக் கவர்வது தொழில்நுட்பம் அன்று. அந்த ஒலிபெருக்கி தினமும் பயன்பட்டது. அதன் குரலை ஊர் நம்பியது. அது எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தூசு தட்டப்படும் கருவியால் இது நடந்திருக்காது.

எச்சரிக்கை வந்துவிட்டது, பயிற்சி வரவில்லை

ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாடு சும்மா இருக்கவில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கைப்பேசிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் முறை 2023இல் சோதித்துப் பார்க்கப்பட்டது. தமிழக அரசு டிஎன்-அலர்ட் செயலியை வெளியிட்டிருக்கிறது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, மாநகராட்சிக்கு 1913 என எண்கள் உள்ளன. இவை மெய்யான முன்னேற்றங்கள்.

எனினும் 2012 ஏப்ரல் 11 பிற்பகலை மறக்க முடியவில்லை. சுமத்ரா அருகே 8.6 அளவிலான நிலநடுக்கம். சென்னையின் கட்டடங்கள் அதிர்ந்தன. சில நிமிடங்களில் எச்சரிக்கை வெளியானது. இயந்திரம் தன் கடமையைச் செய்தது. மந்தைவெளியிலிருந்து நான் கண்ட காட்சி இதுதான்: கரையிலிருந்து ஒரு கூட்டம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடிவருகிறது. அதே சாலையில் இருசக்கர வாகனங்களில் இன்னொரு கூட்டம் கடலை வேடிக்கை பார்க்கக் கிழக்கே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறித்து நிற்கின்றன. நல்வாய்ப்பாகப் பேரலை எழவில்லை, எச்சரிக்கையும் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே குறை வேறு வடிவில் வெளிப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் வெளியேறியது. அடையாற்றின் இரு கரைகளிலும் இருந்தவர்களுக்கு நீர் எவ்வளவு உயரும், எப்போது வரும் என்பது புரியவில்லை. அவ்வெள்ளத்தை மனிதர் விளைவித்த பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை பின்னர் குறிப்பிட்டது. அந்நாட்களில் நீர் சூழ்ந்த தெருக்களுக்குப் படகுடன் முதலில் வந்தவர்களில் மீனவர்கள் இருந்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அதன் திறமையில் ஐயமில்லை. ஆனால் 70 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் எந்தப் படையும் முதல் ஒரு மணி நேரத்தில் நம் வாசலில் நிற்க முடியாது. அந்நேரத்தில் நிற்பவர் அண்டை வீட்டார் மட்டுமே.

எண்பது ஆண்டுகளின் செலவு ஒரே நாளில்

இவ்வளவு தெரிந்தும் ஏன் செய்வதில்லை? விடை நிதிநிலைக் கணக்கில் இருக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் இடர் மேலாண்மைக்காக 15ஆவது நிதிக்குழு 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் மீட்பு, நிவாரணத்துக்கு 40 விழுக்காடு. மறுசீரமைப்புக்கு 30 விழுக்காடு. வடிகால், கரைகாப்பு போன்ற இடர் தணிப்புக்கு 20 விழுக்காடு. ஆயத்தத்துக்கும் பயிற்சிக்கும் 10 விழுக்காடு.

2021-22இல் தமிழகத்தின் ஒதுக்கீடு மாநிலப் பங்கையும் சேர்த்து 1,360 கோடி ரூபாய். இதில் ஆயத்தத்தின் பங்கு 136 கோடி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையைக்கொண்டு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 19 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 76 ரூபாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின்னர் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு 6,000 ரூபாய் வழங்கியது. அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்கான ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் ஆயத்தச் செலவுக்குச் சமம். நிவாரணம் தவறென்று சொல்ல வரவில்லை. தண்ணீரில் அடுப்பை இழந்தவருக்கு அந்த ஆறாயிரம் உயிர்நாடி. ஆனால் இந்த விகிதம் சிந்திக்கத்தக்கது.

அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா ஆகியோர் 2009இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். பேரிடருக்குப் பின்னர் நிவாரணம் தரும் ஆட்சியாளருக்கு வாக்காளர் வெகுமதி அளிக்கின்றனர். பேரிடருக்கு முன்னர் ஆயத்தத்துக்குச் செலவிடுபவரை அவர்கள் கவனிப்பதே இல்லை. ஆயத்தத்தில் இடும் ஒரு டாலர் பிற்காலச் சேதத்தில் ஏறத்தாழ 15 டாலரை மிச்சப்படுத்துகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. நிகழாமற்போன சாவுக்கு நன்றி சொல்ல எவரும் வருவதில்லை. இக்குறை ஆட்சியாளருடையது மட்டுமன்று, வாக்களிக்கும் நம்முடையதும்தான்.

செய்து காட்டியவர்கள்

பணக்கார நாடுகளுக்கே இது கைகூடும் என்ற வாதத்தை வங்கதேசம் பொய்யாக்கியிருக்கிறது. 1970ஆம் ஆண்டுப் போலா புயலில் அங்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று அதில் 76,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உள்ளனர், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். கையில் ஒலிபெருக்கியும் கொடியுமாக வீடுவீடாகச் செல்லும் இவர்களால், அண்மைக் காலப் பெரும்புயல்களில் உயிரிழப்பு மிகச் சிறிய எண்ணிக்கைக்குச் சுருங்கிவிட்டது.

நம் நாட்டிலேயே ஒடிசா இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேரை இழந்த மாநிலம், 2019இல் ஃபானி புயலின்போது 12 லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசென்றது. உயிரிழப்பு 64. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது மீனவர்கள் ஆற்றிய மீட்புப் பணியை அரசு ஒரு நாள் புகழ்ச்சியோடு விட்டுவிடவில்லை. நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் 3.4 லட்சம் பேர் கொண்ட சமூகத் தன்னார்வப் படையை 2020இல் உருவாக்க முனைந்தது.

தேசிய அளவில் ‘ஆப்த மித்ரா’ திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்க வகுக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் வகுத்துப் பார்த்தால் மாவட்டத்துக்கு 285 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படியே 67 லட்சம் மக்கள் வாழும் சென்னைக்குக் கேரளத்தின் விகிதத்தைப் பொருத்தினால் 67,000 பேர் வேண்டும்.

இப்போது கிடைத்துள்ள வாய்ப்பு

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழிசெய்கிறது. மாநகராட்சி ஆணையர் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். ஏனைய உறுப்பினர்களை மாநில அரசு தீர்மானிக்கலாம். சட்டம் பதவி குறிப்பிட்டுச் சொல்லும் இருவருமே அதிகாரிகள். மேயரையும் மாமன்ற உறுப்பினரையும் சேர்ப்பது மாநிலத்தின் விருப்பம். சென்னைக்கான ஆணையம் எவ்வடிவில் அமையும் என்பதைப் பொறுத்தே, அது இன்னொரு கூட்ட அரங்கமாகுமா தெருவரை இறங்குமா என்பது முடிவாகும்.

தெருவரை இறங்குவதற்கான ஏணி ஏற்கெனவே இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் வார்டு குழுக்களும், வார்டுக்குப் பத்தாகப் பகுதி சபைகளும் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அமைக்கப்பட வழியுண்டு. பகுதிக்கு இருபது பேரைக் குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிந்து பயிற்சி அளித்தால் 40,000 பேர் கிடைப்பர். சட்டத்தின்கீழ் வருவதால் அவர்களுக்கு அடையாளமும் பொறுப்பும் உண்டாகும். தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறை பயிற்சி தரட்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். குப்பங்களில் மீனவர் பஞ்சாயத்தைக் கலக்காமல் எவரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். தங்கள் பகுதியில் தாமாக ஓட இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், கருவுற்ற பெண்கள் யார் யார் என்பதை அறிந்து வைத்திருப்பதே இவர்களின் முதற்கடமை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று மலர் தூவி அஞ்சலி செலுத்திய பின்னர், கடலோர வார்டுகள் அனைத்திலும் வெளியேறும் ஒத்திகை நடக்கட்டும். எத்தனை நிமிடத்தில் எத்தனை பேர் பாதுகாப்பான இடத்தை அடைந்தனர் என்பதை வார்டு அலுவலகப் பலகையில் எழுதி ஒட்டட்டும்.

தன்னார்வலர் பட்டியல் ஆளுங்கட்சியினரின் பட்டியலாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. பெயர்களை வெளியிடுவதும், பயிற்சியில் தேறாதவரை நீக்குவதும், இரண்டாண்டுக்கொரு முறை புதுப்பிப்பதும் அதற்கான வேலிகள். நிதி இல்லை என்ற வாதத்துக்கும் விடையுண்டு. 2026 ஏப்ரலில் தொடங்கும் ஐந்தாண்டுகளுக்கான பரிந்துரையை 16ஆவது நிதிக்குழு 2025இல் ஆயத்தம் செய்தது. பேரிடர் நிதி ஏற்பாடுகளை மீளாய்வு செய்வதும் அதற்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று. ஆயத்தத்தின் பங்கைப் பத்திலிருந்து இருபது விழுக்காடாக உயர்த்துமாறும், அதில் ஒரு பகுதி நேரடியாக நகராட்சி அமைப்புகளுக்குச் செல்லுமாறும் தமிழகம் வலியுறுத்த வேண்டும்.

திறக்க வேண்டிய கதவு

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. ஜப்பானின் கடலோர நகரங்களில் உறுதியான தனியார் கட்டடங்களை ஆழிப்பேரலை ஒதுங்கிடங்களாக உள்ளாட்சி நிர்வாகம் குறித்து வைக்கிறது. உரிமையாளருடன் ஒப்பந்தம் உண்டு, வாசலில் அடையாளப் பலகை உண்டு. பட்டினப்பாக்கத்தில் சீனிவாசபுரத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஒரு பேரலையின்போது மந்தைவெளி வரை ஓட இயலாத பாட்டிக்கு அவற்றின் மூன்றாம் மாடி போதும். வாயிற்கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவே.

நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பேசினேன். திருட்டு நேர்ந்தால் யார் பொறுப்பு, மாடிப்படியில் எவரேனும் விழுந்தால் வழக்கு யார் மீது, ஒருமுறை திறந்தால் அது வழக்கமாகிவிடாதா என்று கேட்டனர். கேட்டவர்கள் கல்நெஞ்சர் அல்லர். மீன்காரம்மாவைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள். அவர்களின் கேள்விகளுக்கு விடை தரும் ஒப்பந்தமோ விதியோ எங்கள் கையில் இல்லை. பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த அடுத்த கூட்டமும் முடிந்துவிட்டது.

நல்லவாட்டில் பூட்டிய கதவை உடைக்க ஊராருக்கு நேரம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கதவு எது, சாவி யாரிடம் என்பதை இன்றே எழுதிக் கையெழுத்திட்டு வைப்பதற்குத்தான் அரசு என்ற அமைப்பு. மீன் விற்கும் அந்த அம்மாவை இன்றும் மாலைகளில் காண்கிறேன். தம் கேள்வியை அவர் மறந்திருக்கலாம். விடை சொல்ல வேண்டிய கடன் நம்மிடம் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).